பால்வண்டிக் குதிரையின் இரும்பு

ஒக்டோபர் 13, 1996. ஞாயிறு இரவு.

இல்லை, அண்ணனைப் பயப்படுத்த நான் அதை வீட்டுக்குக் கொண்டுவரவில்லை. இரவல் வாங்கிய மெட்டல் டிடெக்டர் ஆற்றங்கரையில் கத்தியது, தோண்டினேன். சின்னத் தட்டளவில் வட்டமான, பாரமான இரும்பு. மேலே ஒரு வளையம். என்னவென்று விளங்கவில்லை. கழுவிக் குசினி மேசையில் வைத்தேன்.

அண்ணன் போன வருசம்தான் மட்டக்களப்பிலிருந்து வந்தவர். வேலை முடிந்து வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"தொடாத. மிதிவெடி."

"மொன்ட்ரியால்ல ஆர் அண்ணன் மிதிவெடி தாட்டது? படிப்ப விட்ட எனக்கே விளங்குது."

"வாய மூடிட்டு வெளிய வா."

கீழ்வீட்டுப் பிரெஞ்சு மதாமைக் கூட்டிவந்து காட்டினேன். அவரின் தகப்பன் குதிரைவண்டியில் பால் விற்றவராம். ஒவ்வொரு வாசலிலும் இறங்கும்போது இந்தப் பாரத்தைக் கடிவாளத்தில் கொழுவி நிலத்தில் விடுவாராம். குதிரை நின்ற இடத்திலேயே நிற்குமாம். வெளியே வாசல்படியில் போய் இருந்துவிட்ட அண்ணனிடம் போய்ச் சொன்னேன்.

"குதிரைக்கெண்டு விளங்குது தம்பி. ஆனா அது உள்ளுக்க கிடக்கே."

பகிடி பண்ண வாயெடுத்தேன். அவர் குசினிப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். விட்டுவிட்டேன். மட்டக்களப்பில் என்ன நடந்தது என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. இன்னும் குளிரில்தான் இருக்கிறார். இதைத் தூக்கிக்கொண்டு போய் ஆற்றில் போட வேண்டும். போகிறேன்.