பொங்கும் வரை நின்றவள்

ராஜபாளையம்
2.9.2025

தங்கச்சி மாரிக்கனிக்கு அக்கா எழுதுவது.

ஆடி முதல் வெள்ளியன்று மலைமேல் அய்யனார் கோவிலில் பொங்கல் வைத்தபோது நான், நீ, என் மகன் வீரணன், மருமகள் ஆனந்தவல்லி, உன் மகன் இருளப்பசாமி, என் பேத்தி கார்த்திகா எல்லாரும் இருந்தோம். உன் பேத்தி காளீஸ்வரியும் இருந்தாள், பானை பொங்கும் முன்னே நழுவும் வரை.

உனக்குக் காது மந்தம். போனில் கத்தினால் தெருவுக்கே கேட்கும். அதனால்தான் கடிதம்.

நேற்று ஆண்டாளைக் கும்பிட ஸ்ரீவில்லிபுத்தூர் வந்தேன். கம்ப்யூட்டர் சென்டர் வாசலில் பிளக்ஸ் போர்டில் காளீஸ்வரி சிரித்துக்கொண்டு நிற்கிறாள். கோட்டு வேறு. கட்டடப் பிளான் வரையும் வகுப்புக்குப் புது டீச்சராம். வயிறு பற்றி எரிந்தது. சன்னதியிலும் அந்தக் கோட்டுதான் கண்ணில் நின்றது. உன் வீட்டுப் பக்கம் திரும்பாமல் பஸ் ஏறிவிட்டேன்.

அது கார்த்திகாவுக்கு என்று சென்டரில் சொன்ன வேலை. இருவரும் ஒன்றாகப் படித்து ஒன்றாகத்தான் சர்ட்டிபிகேட் வாங்கினார்கள். மார்க் என் பேத்திக்குத்தான் கூடுதல். நம்மை ஒரே வீட்டு அண்ணன் தம்பிக்குக் கட்டிக்கொடுத்தபோது என் அரக்குச் சேலையை நீ உடுத்தியதையே நான் மறக்கவில்லை. இதை மறப்பேனா?

அன்று கோவிலிலிருந்து அவளை ரகசியமாக அனுப்பியது யார்?

முத்துப்பேச்சி


ஸ்ரீவில்லிபுத்தூர்
8.9.2025

அன்புள்ள அக்காவுக்கு,

இவ்வளவு தூரம் வந்துவிட்டு ஒரு வாய்க் காப்பி குடிக்காமல் போனாயே. அந்தச் சேலை அம்மா எனக்கென்று எடுத்தது. நீ நம்ப மாட்டாய், விடு.

ரகசியம் ஒன்றும் இல்லை. அந்தப் படம் வரையும் சாப்ட்வேர் வருஷா வருஷம் மாறுமாம். சர்ட்டிபிகேட்டுக்கு மூன்று வருஷம்தான் ஆயுசு. பிறகு புதிதாக வந்ததைப் படித்துத் திரும்பப் பரீட்சை எழுதினால்தான் சென்டரில் டீச்சராகச் சேர்ப்பார்கள். மதுரையில் பரீட்சைக்கு அந்த ஆடி வெள்ளிதான் கடைசி நாள்.

காளீஸ்வரி உன்னிடம்தானே கேட்டாள்? "பெரியப்பத்தா, நானும் கார்த்திகாவும் பரீட்சைக்குப் போயிட்டு வாரோம்" என்றாள். நீ சொன்னது எனக்கே கேட்டது. "வாங்குன சர்ட்டிபிகேட்டு என்ன பாலா, கெட்டுப்போக? பானை பொங்காம நம்ம வீட்டுப் பிள்ள ஒருத்தியும் மலை எறங்கக் கூடாது!"

என் பேத்தி உன்னை மீறினாள். நான் தடுக்கவில்லை. "ஏட்டி, வா, பஸ் போயிரும்" என்று கார்த்திகா கையையும் பிடித்து இழுத்தாள். கார்த்திகாவோ உன் முகத்தைப் பார்த்தாள். நின்றுவிட்டாள்.

அடுத்த பரீட்சை தை மாதம். ஞாயிறுதோறும் கார்த்திகாவை அனுப்பு. காளீஸ்வரி சொல்லிக்கொடுப்பாள்.

மாரிக்கனி


ராஜபாளையம்
15.9.2025

மாரிக்கனிக்கு,

சொன்னேன்தான். என் ஞாபகத்தை நீ சோதிக்க வேண்டாம்.

வருகிற ஞாயிறு அனுப்புகிறேன். என் பேத்தி உன் பேத்திக்கு முன்னால் பெஞ்சில் உட்கார வேண்டும் என்று நினைத்தாலே கசக்கிறது. மேடம் கீடம் என்று கூப்பிடச் சொன்னால் மறுநாளே நிறுத்திவிடுவேன், சொல்லிவை.

நேற்று கார்த்திகாவிடம் கேட்டேன். "ஏட்டி, பரீட்சை போயிரும்னு தெரிஞ்சும் ஏன் நின்ன?"

"நீ நில்லுன்ன அப்பத்தா, நின்னேன்." கழுவிய தட்டை அடுக்கிக்கொண்டே சொன்னாள். குரலில் கோபமே இல்லை. கொஞ்சம் கத்தியிருந்தால் எனக்குச் சோறு இறங்கியிருக்கும்.

உன் பேத்தி என் மூஞ்சிக்கு நேரே மலை இறங்கிப் போனாளே, அந்தத் திமிர் என் வீட்டில் பிறந்திருக்கக் கூடாதா? அவள் கோட்டு போட்டதைவிட அதுதான் எனக்கு எரிகிறது.

உன்னை மன்னித்தாயிற்று. காளீஸ்வரியையும் மன்னித்தாயிற்று. என் பேச்சைக் கேட்டு அங்கேயே நின்றாளே, அவளை மட்டும் சாகும்வரை மன்னிக்க மாட்டேன், அந்தக் கார்த்திகாவை.

முத்துப்பேச்சி