உப்பில்லாத கஞ்சி

என் தங்கமே,

நேற்று உன் நாட்டின் துக்க நாள். கிள்ளானில், நம் வீட்டு ஹாலிலேயே அனுசரித்தோம். உன் சிநேகிதர்கள் தினேஷும் மெய் லிங்கும் பிரிக்பீல்ட்ஸிலிருந்து ரயிலேறி வந்தார்கள்.

சனிக்கிழமைதோறும் அவர்களை உட்கார வைத்து, பகடை உருட்டிக் கதை சொல்லும் விளையாட்டில், நீயே கற்பனையில் கட்டிய நீராழி நாட்டுக்குள் கூட்டிப்போவாயே! "ஊருல இத்தனை கோயில் இருக்க, இல்லாத ஊருக்கு எதுக்குடி இவ்வளவு சாங்கியம்?" என்று அடுப்படியிலிருந்து கேட்பேன். "நீங்களும் ஒரு நாள் விசா எடுத்து வருவீங்கம்மா" என்பாய். வந்துவிட்டேன், பார்.

உன் கதையில், ஒரு விடியலில் கடல் வந்து பாதி நீராழியை எடுத்துக்கொண்டது. அதனால் அந்த நாளில் கடல் தந்த உப்பை அங்கே யாரும் தொடமாட்டார்கள்; தொட்டவரின் ஓடத்தைக் கடல் முழுக்கிவிடும். ஒரே பாத்திரத்தில் ஆளுக்கொரு கை நீர் வார்த்து, இழந்தவரின் பெயரைச் சத்தமாகச் சொல்வார்கள். மற்றவர்கள் "கேட்டோம்" என்பார்கள். பெயர் சொல்லப்படாதவர் ஈரத் துணியோடு அடுத்த வருஷம்வரை கரையிலேயே நிற்க வேண்டும். அதுவரை சரி. பெயர் வைத்தவர் உயிரோடு இருந்தால் அவர்தான் சொல்ல வேண்டும் என்று ஏனடி விதித்தாய்?

உனக்குப் பெயர் வைத்தவள் நான். டிங்கிக் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோன நாளிலிருந்து அந்தப் பெயர் என் வாயில் வரவில்லை. காரியத்தில் ஐயர் கேட்டபோது அப்பாதான் சொன்னார். கோயிலில் அர்ச்சனைத் தட்டை நீட்டினால், வீட்டார் பெயர்களில் உன் பெயர் வர வேண்டிய இடத்தில் நிறுத்திவிடுகிறேன். "சாமி பேருக்கே பண்ணிடுங்க" என்று நகர்ந்துவிடுகிறேன். சொன்னால், நீ இல்லை என்பதற்கு நானே சாட்சி சொன்ன மாதிரி ஆகிவிடாதா?

நேற்று கஞ்சி காய்ச்சினேன். வீட்டுக் கணக்கில் ஒரு காசு தவறவிடாதவள், பழக்க தோஷத்தில் உப்பைப் போட்டுவிட்டேன். தினேஷ் ஒரு வாய் வைத்ததும் கண்ணை உருட்டினான்.

"ஆன்டி, உப்பு இருக்கு லா! கடலு சும்மா விடாது."

"சும்மா குடிடா. உன் நாக்குக்கு என்ன தெரியும்?"

நீ கற்றுக்கொடுத்த அரைகுறைத் தமிழில் மெய் லிங் சொன்னாள்: "ஆன்டி அவுட்! அவ இருந்தா, ஆன்டி ஓடம் முழுகி போச்சு சொல்லும்."

மூவரும் சிரித்துவிட்டோம். சிரிப்பு அடங்கியபோது, நீ உட்காரும் மூலையை யாருமே பார்க்கவில்லை. நான் கஞ்சியைக் கொட்டிவிட்டு உப்பில்லாமல் மறுபடி காய்ச்சினேன்.

பூஜைச் செம்பைத்தான் நடுவில் வைத்தேன். பெயர் வைத்த பாட்டி இப்போது இல்லை என்று, தினேஷே தன் அண்ணன் பெயரைச் சொன்னான். மெய் லிங் தன் அப்பாவின் பெயரைச் சொன்னாள். கேட்டோம். அடுத்தது என் முறை. நீரை ஏந்தியபடியே இருந்தேன்; பாதி விரலிடுக்கில் வழிந்து பாயில் சிந்தியது.

"பரவால்ல ஆன்டி, நான் சொல்றேன்" என்றான் தினேஷ்.

மெய் லிங் அவன் கையைப் பிடித்தாள். "நோ லா. ரூல் இருக்கு. ஆன்டி சொல்லணும்."

கட்டுக்கதைதான், எனக்குத் தெரியாதா? ஆனாலும் மழையில் நனைந்தாலே உனக்குச் சளி கட்டிக்கொள்ளுமே. ஈரத் துணியோடு எத்தனை நாள் நிற்பாய்? நான்தானே உன்னை நிற்க வைத்திருக்கிறேன்?

"யாழினி" என்றேன்.

"கேட்டோம்" என்றார்கள் இருவரும். கொஞ்சம் பொறுத்து, கதவு திறந்திருந்த அறைக்குள்ளிருந்து, இவ்வளவு நேரமும் வெளியே வராத உன் அப்பாவின் குரல் வந்தது.

"கேட்டோம்."

செம்பு நீரைத் துளசிக்கு ஊற்றினேன். என் முருகன் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டான். துணி மாற்றிக்கொண்டாயா கண்ணு? பெயர் சொல்லப்பட்டவர்கள் கரையை விட்டு எங்கே போவார்கள் என்று நீ சொல்லவே இல்லையே?

அடுத்த வருஷம் கஞ்சியில் கை தவறாது. திதிக்கு ஐயர் பெயர் கேட்டால், அப்பாவை முந்திக்கொண்டு நானே சொல்வேன். நான் இருக்கும்வரை நீ ஈரத்தில் நிற்க மாட்டாய், யாழினி.

உனக்குப் பெயர் வைத்த
அம்மா