தினேஷ் பேசாத நாட்கள்

நவம்பர் 4, செவ்வாய்

விடாத மழை. லேபில் கூட்டம் குறைவு. டெங்கு டெஸ்ட் மட்டும் பதினொன்று. குடைக்கம்பி ஒடிந்துவிட்டது.

தினேஷுக்கு அனுப்பிய மெசேஜ் எல்லாம் இன்னும் ஒற்றை டிக். வளைகுடாவில் அவன் வேலை செய்யும் மீன்பிடிப் படகு கடலுக்குப் போனால் பத்து நாளில் கரை திரும்பிவிடும். வந்ததும் முதல் போன் எனக்குத்தான். இன்று பதினேழாம் நாள். அவன் போன எட்டு மாதத்தில் இப்படி ஆனதில்லை.

அம்மா: "போனையே மொறச்சிகிட்டு ஒக்காந்திருக்க. இன்னாடி ஆச்சு?" தலைவலி என்றேன்.

நவம்பர் 5, புதன்

மழை இல்லை. புழுக்கம். ஒரு பெரியவருக்கு மூன்று இடத்தில் குத்தித்தான் ரத்தம் எடுத்தேன். முடிந்ததும் நன்றி சொன்னார். அதுதான் கஷ்டமாக இருந்தது.

மதியம் ஷமீம் அக்கா (லேபில் சீனியர், எங்கள் விஷயம் தெரிந்த ஒரே ஆள்) போனில் ஒரு செய்தி காட்டினார். எல்லை தாண்டியதாக வளைகுடாவில் ஒரு படகைப் பிடித்திருக்கிறார்கள். கடலூர் பக்கத்து ஆட்கள் ஆறு பேர். பெயர் இல்லை. குடும்பத்தார் நாளை மஞ்சக்குப்பம் கலெக்டர் ஆபீஸில் மனு கொடுக்கிறார்களாம்.

"அவுங்க வீட்டுல கேட்டுப் பாரேன் கவிதா."

"இன்னான்னு சொல்லிக் கேக்குறதுக்கா? அவுங்க அம்மாவ போட்டோவுலதான் பாத்திருக்கேன்."

சாதி வேறு. இரண்டு வீட்டிலும் தெரியாது. தான் வந்து பேசும்வரை வாயைத் திறக்கக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு போனான். டிபன் பாக்ஸில் இருந்தது பஸ் ஸ்டாண்டு நாய்க்கு.

நவம்பர் 6, வியாழன்

லீவு. வீட்டில் சொல்லவில்லை. சிதம்பரத்தில் கா. 7.40 பஸ்.

மஞ்சக்குப்பம். ஆபீஸ் வாசலில் இருபது பேர். அவன் அம்மாவைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. அதே மூக்கு. அப்படியானால் அவனும் அந்த ஆறில். அந்த அம்மா கையில் மனுத் தாளுடன், "எழுதத் தெரிஞ்சவங்க யாருனா இருக்கீங்களா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

பெயர், அப்பா பெயர், ஊர். சொல்லச் சொல்ல எழுதினேன்.

"கல்யாணம் ஆவலன்னு எழுதும்மா. தையில பொண்ணு பாக்கலாம்னு இருந்தோம்."

அதையும் எழுதினேன்.

பாஸ்போர்ட் ஜெராக்ஸைப் பையில் தேடினார். அவர் எடுப்பதற்குள் எண்ணை எழுதி முடித்துவிட்டேன். எனக்கு மனப்பாடம். விசா பாரத்தைப் பூர்த்தி செய்ததே நான்தான். நிமிர்ந்தால் அவர் தாளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்க்கிறார்.

"நீ எந்த ஊரும்மா?"

"கீரப்பாளையம்."

தன் போனை நீட்டினார். "ஒன் நம்பரப் போட்டுக் குடு."

திரும்பும் பஸ்ஸில் ஜன்னல் பக்கமே முகம். சத்தியத்தை மீறிவிட்டேனா? வாயைத் திறக்கவில்லையே.

நவம்பர் 7, வெள்ளி

போன் வரவில்லை. துணி காயவில்லை. ரேஷன் சர்க்கரை மறந்து போய் அம்மாவிடம் திட்டு.

அவனுடைய பழைய வாய்ஸ் மெசேஜ்: "இங்க காத்து ஜாஸ்தி கவி, சத்தமா பேசு." திரும்பத் திரும்பக் கேட்டேன். காற்றுதான் அதிகம் கேட்கிறது.

நவம்பர் 8, சனி

பத்தரை மணி, லேபில் இருக்கும்போது போன். அவன் அம்மா.

"பேசிட்டாம்மா. ரெண்டு நிமிஷம்தான் வுட்டாங்க. ஆறு பேரும் உசுரோட இருக்காங்க. ஜெயில்ல வெச்சிருக்காங்க. எப்ப வுடுவாங்கன்னு தெரியல."

லேபுக்கு வெளியே வந்து நின்றேன்.

"கீரப்பாளையத்துலேர்ந்து ஒரு பொண்ணு வந்துச்சே, யாருடான்னு கேட்டேன். அதுக்கப்புறம் பேசவே இல்ல. அழுவுறான். அப்புடியே லைனு கட்டாயிடிச்சி. கேக்காம வுட்டிருக்கலாம். இன்னும் ரெண்டு வார்த்த பேசியிருப்பான்."

சாயங்காலம் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அரிசி களைந்துகொண்டிருந்தாள். பாத்திரத்தைக் கீழே வைத்தாள்.

"ஒங்க அப்பாவுக்குத் தெரிஞ்சா இன்னா ஆவும்னு நெனச்சிப் பாத்தியா?"

அரிசியை உலையில் போட்டாள். நானும் நகரவில்லை. சோறு வடிக்கும்போது, என்னைப் பார்க்காமல்:

"அந்தப் புள்ளைக்கு அங்க வேளாவேளைக்குச் சோறு போடுவாங்களா?"

தெரியாது என்றேன்.