ஆறாம் எண் மேல்படுக்கை

ஜூன் 4, செவ்வாய்

கோபத்தில் அறை பதிவு செய்தால் மூக்குக்கண்ணாடியாவது போட்டிருக்க வேண்டும். "எட்டுப் படுக்கை" என்று இருந்தது. பெரிய பங்களா போல, இருக்கட்டும் என்று நினைத்தேன். வந்து பார்த்தால் அது ஒரு விடுதி. பெண்கள் அறையில் அடுக்கடுக்காக எட்டுப் படுக்கை, அதில் ஒன்றுதான் எனக்கு. அதுவும் மேலே! மற்ற ஏழிலும் முதுகில் மூட்டையோடு ஊர் சுற்றும் பெண்கள். எல்லாரும் என் மகளைவிடச் சின்னவர்கள்.

"ஒரு தடவை கடல் பாக்கணும்"னு வருஷக்கணக்கா கேட்டேன். "தனியா போயேன். ரெண்டாம் நாளே திரும்பி வந்துடுவே" என்றார் வீட்டுக்காரர். பேப்பரிலிருந்து தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

மூன்றாம் நாள் வரட்டும். பேசிக்கொள்கிறேன்.

ஜூன் 5

ஏறிவிட்டேன். இறங்கத்தான் தெரியவில்லை.

"ஆன்ட்டி, முதுகைக் காட்டி இறங்குங்க!"

"முதுகு எந்தப் பக்கம்னே தெரியலடி!"

ஏழு பேரும் சேர்ந்து இறக்கினார்கள். பீரோவை இறக்குவது மாதிரி.

ஜூன் 6

சைக்கிளிலேயே நாடு சுற்றும் பெண் தயங்கித் தயங்கி வந்தாள். "ஆன்ட்டி, நீங்க தூங்கும்போது லேசா ஒரு சத்தம்..."

"லேசாவா?"

"லாரி மேடு ஏறுற மாதிரி."

மானம் போச்சு. ஏழு பேருக்கும் காதில் வைக்கப் பஞ்சு வாங்கிக் கொடுத்தேன்.

முப்பத்திரண்டு வருஷம் பக்கத்தில் படுத்த மனுஷன் ஒரு நாள்கூட இதைச் சொன்னதில்லையே — ஏன்? கொஞ்சம் இளகினேன். அப்புறம் அந்தப் பேப்பர் ஞாபகம் வந்தது. இறுகிவிட்டேன்.

ஜூன் 7

கடல் பார்த்தேன். பெரிசுதான்.

ஜூன் 8

விடுதி நடத்தும் பெண்ணுக்குக் காலில் சுளுக்கு. கவுன்ட்டரில் ஆளில்லை. பதினோரு பேர் மூட்டையோடு முட்டி மோதுகிறார்கள். நான் தபால் ஆபீஸ் கவுன்ட்டரிலேயே ரிட்டயர் ஆனவள், பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா?

"வரிசையில நில்லுங்க! அடையாள அட்டை கையில இருக்கணும்!"

கால்மணி நேரத்தில் எல்லாருக்கும் படுக்கை.

"என் கால் சரியாகிற வரைக்கும் இருப்பீங்களா ஆன்ட்டி? கீழ்ப்படுக்கை தர்றேன்" என்றாள். சொர்க்கத்துக்கே கூப்பிட்ட மாதிரி இருந்தது.

ஜூன் 9

வீட்டுக்காரர் போன் பண்ணினார். "எப்ப வர்றே?"

"வேலையா இருக்கேன்."

"என்ன வேலை?"

"வரிசை நிக்குது, அப்புறம் பேசறேன்." வைத்துவிட்டேன்.

அடுத்த ஆளுக்குச் சாவிக்குப் பதில் என் கண்ணாடியைக் கொடுத்திருக்கிறேன். ஏன், "நீ இல்லாம என்னவோ போல இருக்கு"ன்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன? வாய் வலிக்குமா அந்த மனுஷனுக்கு?

ஜூன் 11

காலையில் புதுப் பதிவுகளைப் பார்த்தேன். ஒன்றே ஒன்று. ஆண்கள் அறை, ஒரு படுக்கை, ஐந்து நாள். வயது அறுபத்திமூன்று. 'தொழில்' என்ற கட்டத்தில் "கணவர்" என்று இருந்தது.

எழுந்து போய்த் தலையை வாரிக்கொண்டு வந்துதான் உறுதி செய்தேன். அவர் வர இன்னும் முழுசாக இரண்டு நாள் இருக்கிறது.