வால்வின் அடியில் சிவப்புப் பொட்டு

அண்ணா,

எதிர்வீட்டுப் பெண் இன்று காலை வாசலில் உட்கார்ந்து நகப்பூச்சு பூசிக்கொண்டிருந்தாள். அந்த நெடி மூக்கில் ஏறியதும் அரிசி புடைத்துக்கொண்டிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டேன்.

சோலோன் பேட்டையின் ரேடியோக் கடையில் நாம் செய்த வேலை யாருக்கும் தெரியாது. தேய்ந்த ரேடியோ வால்வுகளின் பழைய எழுத்தை அழித்து, புது முத்திரை குத்தி, புது அட்டைப் பெட்டியில் அடைப்பேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவளுக்கு அதுவே பெரிது. மெக்கானிக்கான நீங்கள் ஒவ்வொன்றையும் சோதித்து, தேறாததன் அடியில் ஒரு சிவப்புப் பொட்டு வைப்பீர்கள். நான் ஆசைப்பட்டு வாங்கி, பூச வெட்கப்பட்டு வைத்திருந்த நகப்பூச்சு அது.

"வீட்டு ரேடியோவுல செத்தா பாட்டு நிக்கும். படகுல செத்தா புயல் சேதி நிக்கும். பொட்டு வச்சது படகுக்குப் போகக்கூடாது, தெரியுதா ஊமச்சி?"

தலையாட்டுவேன்.

"வாயத் தொறந்தா முத்து உதுந்துடுமா?"

பொட்டு வைத்தது வீட்டு ரேடியோவுக்குப் போவதும் ஏமாற்றுதான். உங்களுக்கும் அது தெரியும். உங்களால் முடிந்தது அவ்வளவு.

நீங்கள் வெளியே போயிருந்த ஒரு மத்தியானம் முதலாளி ஒரு வால்வைக் கவிழ்த்துப் பார்த்தார். "என்னடி இது, குங்குமமா? எல்லாத்தயும் தொடச்சிடு. அவன்கிட்ட மூச்சு விடாத. உனக்கா சொல்லணும்!"

தின்னர் தொட்டுத் துடைத்தேன். சாயங்காலம் நீங்கள் வுங் டாவ் துறையின் மீன்பிடிப் படகு ஒன்றுக்காகப் பொட்டில்லாததாகப் பார்த்துப் பொறுக்கினீர்கள். இரண்டடி தூரத்தில் இருந்தேன். முதலாளி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தேய்ந்த வால்வு கரையில் பாடும், சூடேறினால் சாகும் என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். "கடல்ல ரேடியோ எடுக்குதான்னு பாத்துட்டு வர்றேன்" என்று அந்தப் படகிலேயே போனீர்கள். புயல் எச்சரிக்கை கேட்ட படகுகள் கரை திரும்பின. உங்கள் படகு திரும்பவில்லை.

கடல் கொண்டுபோய்விட்டது என்றார்கள். கோயிலில் உங்கள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவன் கடைசியா என்னம்மா சொன்னான்?" என்று அழுதபோதும் தலையைத்தான் ஆட்டினேன்.

போன வாரம் ஒரு படகுக்காரர் வந்தார். முதலாளி பெட்டியை நீட்டினார். "ஹு ரோய்" என்றேன். கெட்டுப்போனது என்று இந்த நாட்டு மொழியில் இரண்டே சொல். படகுக்காரர் பெட்டியை வைத்துவிட்டுப் போனார். அன்றோடு என் வேலை போயிற்று.

நீங்கள் வால்வு பொறுக்கிய அந்தச் சாயங்காலம் உங்களிடம் சொல்லவும் இரண்டு சொல் போதுமாயிருந்தது: "துடைத்துவிட்டேன், அண்ணா." உங்கள் அம்மா வெள்ளிக்கிழமைதோறும் கோயிலுக்கு வருகிறார். அந்த இரண்டு சொல் இன்னும் என் வாயிலேயே இருக்கிறது.