மார்பளவுப் படம்

மார்ச் 4, செவ்வாய்

லிவியா இப்போதுதான் தூங்கினாள். ஐந்து மாதக் குழந்தைக்கு இவ்வளவு பெரிய தொண்டையா!

கொர்ராதோ காலை ஐந்தரைக்கே காமிராவோடு போய்விட்டான். பள்ளத்தாக்கில் பனிமூட்டம் இறங்கியிருக்கிறதாம். எங்கள் அப்ருஸ்ஸோ பகுதி மலையூர்கள் பற்றிய அவன் புத்தகத்துக்கு அந்தப் படம் ஒன்றுதான் பாக்கியாம். பத்து மணிக்கு வந்து கம்ப்யூட்டரில் காட்டினான். அழகுதான். பாலாக மூட்டம், அதற்கு மேலே எங்கள் மாதா கோயில் மணிக்கூண்டு மட்டும் தனியாக.

மணிக்கூண்டைச் சுற்றிச் சாரம் இல்லை.

ஜனவரியில் பழுது பார்க்கக் கட்டிய சாரம். இன்றைக்கும் நிற்கிறது, சமையலறை ஜன்னலைத் திறந்தால் அதுதான் முகத்தில் இடிக்கும். அப்படியென்றால் இது பழைய படம். தெருவெல்லாம் ஈரம், அவன் ஷூவில் ஒரு பொட்டுச் சேறு கிடையாது.

"நல்லா இருக்கு" என்று மட்டும் சொன்னேன்.

மார்ச் 6, வியாழன்

கோட்டுக் கையில் வெள்ளைத் தூள். பழைய சுவரில் சாய்ந்தானாம், சுண்ணாம்பாம். சுண்ணாம்பு ரோஜா வாசனை அடிக்குமா?

மார்ச் 9, ஞாயிறு

லிவியாவைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தேன். பால்கனியில் அவன் போனில் பேசினான், தாழ்ந்த குரலில். தண்ணீர்ச் சத்தத்தை நிறுத்திவிட்டுக் கேட்டேன். ஆமாம், ஒட்டுத்தான் கேட்டேன்.

"முத்துமாலையைப் போட்டுக்கிட்டு வாங்க... நீல ரவிக்கை போதும். கழுத்தை மூடாதீங்க, உங்களுக்கு அழகே கழுத்துதான்... சேச்சே, யாருக்கும் தெரியாது. என் வீட்டுக்காரிக்கே தெரியாது."

வாங்க, போங்க என்கிறான். என்னிடமும் முதல் இரண்டு மாதம் அப்படித்தான் பேசினான். ஆரம்பக் கட்டம் போலிருக்கிறது.

பிள்ளை பெற்றபின் என் கழுத்தை நானே பார்க்கவில்லை.

மார்ச் 11, செவ்வாய்

ரொட்டிக் கடையில் கூட்டம். கல்லாவிலிருந்து ஃபிலோமேனா கேட்டாள், எல்லோர் காதிலும் விழும்படி: "ஏம்மா நீவெஸ், உன் வீட்டுக்காரரு பழைய தபாலாபீஸ் மாடிக்கே போயிட்டிருக்காரே, அங்கயும் மலை தெரியுதா என்ன?"

சிரிப்பு. "அங்கே யார் இருக்கா?" என்று கேட்டேன்.

சட்டென்று சிரிப்பு நின்றது. பக்கத்தில் நின்றவள் கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டாள். ஃபிலோமேனா கதவின் இரும்புச் சட்டத்தைத் தொட்டாள், கெட்டது அண்டாமல் இருக்க எல்லோரும் தொடுவதுபோல. "ஒண்ணுமில்ல கண்ணு, சும்மா கேட்டேன்."

என் துரதிர்ஷ்டம் தனக்கு ஒட்டிவிடக் கூடாதென்று இரும்பைத் தொடுகிறாள்! ஊருக்கே தெரிந்திருக்கிறது.

மார்ச் 13, வியாழன்

பெஸ்காராவில் இருக்கும் அக்காவோடு போனில் பேசினேன். அம்மாவும் அவளோடுதான் இருக்கிறாள். "படிச்சவதானே, நேரா கேளேன். இல்லைன்னா பெட்டியக் கட்டிட்டு வாடி, ரூம் காலியாத்தான் கிடக்கு" என்றாள் அக்கா. லிவியாவின் துணிகளை மடித்து வைத்திருக்கிறேன். பெட்டியில் அல்ல, பெட்டிக்குப் பக்கத்தில்.

மார்ச் 17, திங்கள்

அடுத்த மலையூரில் ஆட்டுச் சந்தையைப் படம் எடுக்கப் போகிறேன் என்றான். லிவியாவை மார்பில் கட்டிக்கொண்டு பின்னாலேயே போனேன். கார் இருக்கும் பக்கம் திரும்பவே இல்லை. நேரே தபாலாபீஸ் மாடி.

கதவுக்கு வெளியே நின்றேன். உள்ளே பெண் குரல்: "இன்னும் கொஞ்சம் இளமையா வரணும் கொர்ராதோ."

"தாடையைத் தூக்குங்க. இன்னும்... ஆங், அப்படியே."

தள்ளித் திறந்தேன்.

எர்சிலியா டீச்சர்! எண்பத்தொரு வயது, ஊரில் பாதிப் பேருக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தவர். முத்துமாலை, பவுடர், நீல ரவிக்கை. இடுப்புக்குக் கீழே அடுப்படிப் பாவாடையும் வீட்டுச் செருப்பும். மேஜையில் உள்ளங்கை அளவு, முட்டை வடிவப் பீங்கான் வில்லைகள். செத்தவர் படத்தை அச்சிட்டுக் கல்லறைக் கல்லில் பதிப்பார்களே, அவை.

"கதவச் சாத்து பொண்ணே, காத்து வருது" என்றார் டீச்சர். "என் மகன்கிட்ட விட்டா அடையாள அட்டைப் படத்தை ஒட்டிடுவான். அதுல நான் மீன் திருடி மாட்டினவ மாதிரி இருப்பேன். பக்கத்துக் கல்லுல என் வீட்டுக்காரருக்கு இருபத்தெட்டு வயசு, கல்யாணப் படம். பார்க்கிறவன் அம்மாவும் பிள்ளையும்னுல்ல நினைப்பான்?"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. லிவியா முந்திக்கொண்டு அழுதாள்.

இந்தப் படத்தை எடுத்தாகிவிட்டது என்று வெளியே தெரிந்தால், தேதி குறித்துவிட்ட மாதிரி ஊர் பார்க்குமாம். அதனால் எல்லோரும் ரகசியமாக வருகிறார்களாம். சரி, என்னிடம் ஏன் மறைத்தாய் என்று கொர்ராதோவைக் கேட்டேன்.

"நீதானே சொன்ன? குழந்தை இருக்கிற வீட்டுல சாவுப் பேச்சே கூடாதுன்னு? எதிர்ச் சுவர்ல ஒட்டியிருந்த இரங்கல் நோட்டீஸைக்கூட என்னைக் கிழிக்க வெச்சியே."

வைத்தேன்தான். ஆனால் பனிமூட்டம்? புத்தகம் நவம்பரிலேயே முடிந்துவிட்டதாம். அப்படியானால் நான்கு மாதமாக ஒவ்வொரு விடியலும் ஒரு பொய். நல்ல காரணத்துக்குத்தான். இருந்தாலும் இவ்வளவு சரளமாக ஒரு மனிதனுக்குப் பொய் வருமா?

மார்ச் 20, வியாழன்

துணிகளை அலமாரியில் வைத்துவிட்டேன்.

மார்ச் 23, ஞாயிறு

டீச்சரின் செருப்புக் கதையை அம்மாவிடம் போனில் சொன்னேன். சிரிக்கவில்லை. "படம் நல்லா வருதா?" என்று மட்டும் கேட்டாள்.

ஏப்ரல் 3, வியாழன்

அம்மா பஸ்ஸில் தனியாக வந்தாள். பேத்தியைப் பார்க்கவாம். லிவியாவைப் பத்து நிமிஷம் கொஞ்சினாள். பிறகு கைப்பையிலிருந்து நல்ல ரவிக்கையை எடுத்து, "இஸ்திரி போட்டுத் தா" என்றாள்.

"இப்ப என்னம்மா அவசரம்?"

"முடி இன்னும் கொட்டல இல்ல? அதுக்குள்ள படத்தை எடுத்துடலாம்னு."

"அதுக்குள்ளன்னா?"

சீப்பை என் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.

தபாலாபீஸ் மாடியில், வெளிச்சம் அம்மா முகத்தில் படும்படி வெள்ளைத் துணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "துணி ஆடுது, நீவெஸ்" என்றான் கொர்ராதோ, மெதுவாக. அம்மா காமிராவைப் பார்த்துச் சிரித்தாள். நல்ல படம்.

"உன் அக்காவுக்குத் தெரிய வேணாம். நானே சொல்லிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினாள்.

சாயங்காலம் அக்கா கூப்பிட்டாள். "அம்மா எதுக்குடி அங்க வந்தாங்க? கேட்டா மழுப்புறாங்க. ரெண்டு பேரும் சேர்ந்து எங்கிட்ட எதையோ மறைக்கிறீங்க."

"ஒண்ணுமில்லக்கா. லிவியாவுக்கு முதல் பல் முளைக்குது, அதைப் பார்க்கத்தான் வந்தாங்க."

பல் இன்னும் முளைக்கவில்லை. யோசிக்காமலே வந்துவிட்டது.