கப்பியில் சிறு இரைச்சல்

2024 பெப்ரவரி 6, செவ்வாய்

காலையில் வட்டுக்கோட்டைக் கொலின்ஸ் வானைக் கொண்டுவந்தான். ஸ்ரார்ட் பண்ணினால் கோப்பாய்ச் சந்தி வரைக்கும் கேட்கும், அப்படியொரு கீச்சல். ஒல்ரனேற்றரைச் சுற்றும் பெல்ற் வெடிப்பு விட்டு, உட்பக்கம் கண்ணாடிபோல் மினுங்கியது. கழற்றிவிட்டுக் கப்பிகளைக் கையால் சுற்றிப் பார்த்தேன். பெல்றை இறுக்கிப் பிடிக்கும் சின்னக் கப்பியில் சிறு இரைச்சல், மணல் அரைபடுவதுபோல. பேரிங் தேயத் தொடங்கிவிட்டது. புதியது கொழும்பிலிருந்து வர மூன்று நாளாகும். நாளைக்கு அவனுக்கு ஒரு கலியாண வீட்டுக்கு வாடகை ஓட்டம். பெல்றை மட்டும் மாற்றினேன். அடுத்த முறை கப்பியைப் பார்க்கலாம்.

கொலின்ஸின் தாய் சுகிர்தம் ரீச்சரும் கூட வந்திருந்தார். பின் சீற்றிலிருந்து தலையை நீட்டி, "தம்பி, உந்தச் சத்தம் நிண்டுட்டுதோ?" என்றார்.

"ஓம் ரீச்சர். இனிப் பயமில்லை."

பெப்ரவரி 15, வியாழன்

சுகிர்தம் ரீச்சர் இறந்துவிட்டார். காலையில் நெஞ்சுவலி. கொலின்ஸ் தெல்லிப்பழை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடியிருக்கிறான். அளவெட்டிக்குக் கிட்ட பெல்ற் அறுந்து, அது சுற்றும் தண்ணீர்ப் பம்பும் நின்று, எஞ்சின் கொதித்து, வான் நின்றுவிட்டது. ஓட்டோ ஒன்று கிடைக்க அரை மணித்தியாலம். ஆஸ்பத்திரி வாசலில் உயிர் இல்லை.

நான் போட்ட பெல்ற்.

பெப்ரவரி 16, வெள்ளி

வானைக் கட்டி இழுத்து என்னுடைய கராஜுக்கே கொண்டுவந்தார்கள். பொனற்றைத் திறந்தேன். சின்னக் கப்பி இறுகிப்போய் நின்றது. அசையவில்லை. அதன்மேல் உரசி உரசித்தான் பெல்ற் கருகி அறுந்திருக்கிறது.

கொலின்ஸ் பக்கத்தில் நின்றான். கண் வீங்கியிருந்தது. "புதுப் பெல்ற் எண்டும் ஒம்பது நாளிலை அறுந்துட்டுதே அண்ணை. இப்ப வாற சாமான் எல்லாம் கள்ளச் சாமான். உங்களிலை ஒரு பிழையுமில்லை." என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னான்.

கப்பியைப் பற்றிச் சொல்லாமல் பொனற்றை மூடினேன்.

பெப்ரவரி 17, சனி

ரீச்சரின் அடக்கத்துக்குச் சேமக்காலைக்குப் போனேன். கொலின்ஸ் யாரோ உறவினரிடம், "உவர்தான் எங்கடை வானைப் பாக்கிறவர், நல்ல மனுசன்" என்றான். மண் போடக் குனிந்தேன். போட்டதும் கூட்டத்தை விட்டு வெளியே வந்துவிட்டேன்.

பெப்ரவரி 20, செவ்வாய்

கொழும்பிலிருந்து கப்பி வந்துவிட்டது. சனிக்கிழமை போனில் ஓடர் சொன்னது. மூன்றே நாள்.

பெப்ரவரி 25, ஞாயிறு

மத்தியானம் படுத்திருந்தேன். மேலே ஃபான் சுற்றுகிறது, அதற்குள் மணல் அரைபடுகிறது. எழும்பி நிறுத்தினேன். "வேர்த்து ஊத்துது, ஏனப்பா நிப்பாட்டினியள்?" என்று மனைவி சுவர்ணா கேட்டாள். அவளுக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லையாம். கேணியடியில் தண்ணீர் மோட்டர் ஓடினாலும் அதே சத்தம். றோட்டில் போகிற சைக்கிளிலும். எனக்கு மட்டும் ஏன்?

மார்ச் 1, வெள்ளி

இந்தக் கொப்பியில் பெப்ரவரி ஆறாம் தேதிப் பக்கத்தைத் திரும்ப வாசித்தேன். "அடுத்த முறை கப்பியைப் பார்க்கலாம்." என் கையெழுத்து. தெரியாமல் நடந்தது என்று எனக்கு நானே சொல்லக்கூட வழியில்லை.

மார்ச் 4, திங்கள்

கப்பியும் பெல்றும் போட்டு வானை ஸ்ரார்ட் பண்ணினேன். எஞ்சின் பூப்போல ஓடியது. பின் சீற்றிலிருந்து, "தம்பி, நிண்டுட்டுதோ?"

கண்ணாடியில் பார்க்கவில்லை. இறங்கி வெளியே வந்து நின்றேன், எஞ்சினை நிறுத்தாமலே. பட்டப்பகல். வெயில் கொளுத்துகிறது. உடம்பெல்லாம் குளிர்.

கொலின்ஸ் போன் எடுத்தான். சாமான் இன்னும் வரவில்லை என்று பொய் சொன்னேன். அவன் வானைக் கொண்டுபோனால் எல்லாம் முடிந்துவிடும், நான் உண்மையைச் சொல்லவே மாட்டேன் என்று பயம்.

மார்ச் 9, சனி

சுவர்ணாவிடம் சொன்னேன். மீன் வெட்டிக்கொண்டிருந்தவள் கத்தியை வைத்துவிட்டாள்.

"சொல்லாமல் விட்டால் ஆருக்குத் தெரியப்போகுது?" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். "போய்ச் சொல்லுங்கோ. இப்பிடியே இருந்தால் நீங்கள் தப்பமாட்டியள்."

மார்ச் 10, ஞாயிறு

வானை நானே வட்டுக்கோட்டைக்கு ஓட்டிக்கொண்டு போனேன். கொலின்ஸ் அப்போதுதான் ஞாயிறுச் செபம் முடிந்து கோவிலால் வந்திருந்தான். தேத்தண்ணி வைக்கப் போனவனை மறித்துச் சொன்னேன். எல்லாவற்றையும். கப்பி இரைந்தது, எனக்குத் தெரிந்தது, நான் மறைத்தது.

கொலின்ஸ் கதிரையில் உட்கார்ந்தான்.

"புதுக் கப்பி வர எத்தினை நாள் எடுத்திருக்கும்?"

"மூண்டு."

"நீங்கள் ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் அந்தக் கலியாண ஓட்டத்தை விட்டிருப்பனே. அம்மா உங்களிட்டைக் கேட்டவ. நான் பக்கத்திலை நிண்டனான். அவ வாய்விட்டுக் கேட்டவவெல்லோ!"

வானின் திறப்பை நீட்டினேன். அவன் வாங்கவில்லை.

"வான் திறப்பை மேசையிலை வைச்சிட்டுப் போங்கோ. இனி இஞ்சை வராதேங்கோ."

பஸ்ஸில் திரும்பி வந்தேன்.

மார்ச் 16, சனி

இன்று ரீச்சரின் முப்பத்தோராம் நாள் செபம். போகவில்லை.

ஏப்ரல் 11, வியாழன்

ஃபானில் இன்னும் சத்தம் இருக்கிறது. முந்தியளவு இல்லை. ஃபானுக்குக் கீழேதான் படுக்கிறேன்.

மே 20, திங்கள்

சுன்னாகத்தில் கராஜ் வைத்திருக்கும் பொன்னம்பலம் போன் எடுத்தார். "குகதாசன், கொலின்ஸின்ரை வான் இஞ்சை நிக்குது. ஒல்ரனேற்றர் கப்பி ஆடுது. ஒல்ரனேற்றரோடை மாத்திறதோ, இன்னும் கொஞ்சக்காலம் ஓடுமோ எண்டு யோசிக்கிறன். இதைப் பற்றி உம்மைக் கேக்கச் சொல்லுறான்."

"என்னையோ?"

"ஓம். அவர் மறைக்கமாட்டார், கேளுங்கோ எண்டான்."

கராஜ் வாசலுக்கு வந்து நின்று சொன்னேன்.

"அது பழசு அண்ணை. சின்னக் கப்பி இறுகினபோது இதிலையும் இழுவை விழுந்திருக்கும். நான் அப்பவே கழட்டிப் பாத்திருக்கவேணும். பாக்கேல்லை. ஓட விடாதேங்கோ, ஒல்ரனேற்றரோடை மாத்துங்கோ."

பொன்னம்பலம் போனிலிருந்து வாயை விலக்கி யாருக்கோ அதைச் சொன்னார். பிறகு கொலின்ஸின் குரல், தூரத்தில்.

"அப்ப மாத்துங்கோ. எத்தினை நாள் எண்டாலும் வான் நிக்கட்டும்."